பூச்சாண்டி வந்திருக்கிறான், பணத்தை எடுங்கள்!



குழந்தை சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தால், "இதோ பார், பூச்சாண்டி வருகிறான்!" என்று சொல்லி இரண்டு கவளத்தை உள்ளே தள்ளுவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். அந்தக் குழந்தை வளர்ந்து, கல்லூரியில் படித்து, கல்யாணம் செய்துகொண்டு, சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு பூச்சாண்டிக்குப் பயப்பட மாட்டாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் ஏமாந்து போகிறோம். பூச்சாண்டியும் படித்துவிட்டான். முன்பெல்லாம் ஒரு கவளம் சோறு உள்ளே போனதும் அவன் போய்விடுவான். இப்போது கம்ப்யூட்டர் திரையில் வந்து நின்றுகொண்டு, பணப் பையைத் திற என்கிறான்.

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"மத்தியானம் அடுப்படி வேலை ஒழிந்து, கம்ப்யூட்டரில் ஒரு பட்சணக் குறிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகி, 'உங்கள் கம்ப்யூட்டரில் 1,374 கோளாறுகள் இருக்கின்றன. உடனே சரி செய்யாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும்' என்று வந்தது. சரி செய்து கொடுக்க 2,499 ரூபாயாம். பெண்ணின் பாடக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. காலஞ்சென்ற என் தாயாரின் படங்களும் அதில்தான். வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார். பணத்தைக் கட்டிவிடலாமா? கை நடுங்குகிறது."

கட்ட வேண்டாம், அம்மா! ஒரு பைசாக்கூடக் கட்ட வேண்டாம். கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நடுக்கத்துக்குத்தான் அவர்கள் 2,499 ரூபாய் விலை போட்டிருக்கிறார்கள். நடுக்கம் நின்றுவிட்டால் அவர்களிடம் விற்பதற்கு வேறு சரக்கே கிடையாது.

இந்த வியாபாரத்துக்கு இங்கிலீஷில் 'ஸ்கேர்வேர்' என்று பெயர். பயமுறுத்திப் பணம் பிடுங்கும் புரோகிராம் என்று அர்த்தம். 'கிளீனர்' என்றும், 'பூஸ்டர்' என்றும், 'ஆப்டிமைஸர்' என்றும் பல வேஷங்களில் வரும். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன், வேகப்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கும்.

நம் தெருவுக்கு வரும் குடுகுடுப்பைக்காரராவது, "நல்ல காலம் பொறக்குது" என்று ஆரம்பிப்பார். இந்த ஆசாமி எடுத்த எடுப்பிலேயே, "உங்கள் வீட்டுக்குக் கண்டம்!" என்று கூவுகிறான். பரிகாரமும் அவனிடமேதான் இருக்கிறது.

1,374 என்று எப்படி எண்ணினான்?

இந்த இடத்தில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. திரையில் திடீரென்று முளைப்பது பெரும்பாலும் ஒரு விளம்பரப் பக்கம். 'சோதிக்கிறேன், சோதிக்கிறேன்' என்று ஒரு பச்சைக் கோடு நகருகிறதே, அது வெறும் சித்திரம். நாம் பார்க்கும் ஓர் இணையப் பக்கம் நம் கம்ப்யூட்டருக்குள் புகுந்து அலமாரி அலமாரியாகத் துழாவிப் பார்க்க முடியாது. பிரௌசர் அதற்கு இடம் கொடுப்பதில்லை. விண்டோஸே இல்லாத ஆப்பிள் கம்ப்யூட்டரில்கூட, 'உங்கள் விண்டோஸ் பழுதாகிவிட்டது' என்று இந்தப் பக்கங்கள் கூசாமல் சொல்வதுண்டு!

சரி, புரோகிராமை உள்ளே இறக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அதனால் உள்ளே பார்க்க முடியும். ஆனால் எதை எண்ணுகிறது? எந்தக் கம்ப்யூட்டரிலும் சாதாரணமாகச் சேரும் தற்காலிகக் கோப்புகள், இணையப் பக்கங்கள் விட்டுச் செல்லும் 'குக்கி' என்ற சிறு குறிப்புகள், என்றோ நீக்கிய புரோகிராமின் மிச்சம் மீதி, இவற்றையெல்லாம் ஒன்று விடாமல் எண்ணி 'கோளாறு' என்று கணக்கில் ஏற்றுகிறது. உங்கள் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகை எண்ணிவிட்டு, "அம்மா, உங்கள் சமையலறையில் நாலாயிரம் கறுப்பு வஸ்துக்கள் இருக்கின்றன!" என்று ஒருவன் அலறினால் எப்படி இருக்கும்? அவன் சொல்லும் எண்ணிக்கை சரிதான். ஆனால் கடுகு வியாதி இல்லையே!

புத்தம் புதுக் கம்ப்யூட்டருக்கு வந்த வியாதி

இந்த வித்தை அமெரிக்காவில் எப்படி அம்பலத்துக்கு வந்தது என்பது ருசிகரமான கதை. அங்கே 'ஆபீஸ் டிப்போ' என்று ஒரு பெரிய கடைக் கம்பெனி உண்டு. காகிதம், பேனா, மேஜை, கம்ப்யூட்டர் எல்லாம் விற்பவர்கள். தங்கள் கடைகளில் கம்ப்யூட்டருக்கு இலவச ஆரோக்கியப் பரிசோதனையும் செய்து வந்தார்கள். 2016-ஆம் வருஷம் ஸியாட்டில் நகரத்து டெலிவிஷன் நிருபர்கள் ஒரு வேலை செய்தார்கள். அட்டைப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புத்தம் புதுக் கம்ப்யூட்டர்களைக் கொண்டுபோய் அந்தக் கடைகளில் கொடுத்தார்கள். என்ன ஆயிற்று என்கிறீர்கள்? ஒரு கடைக்கு மேல் பல கடைகளில், "இதில் கெட்ட புரோகிராமின் அறிகுறி தெரிகிறது, பணம் செலவழித்துச் சரி செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள்!

அமெரிக்க சர்க்காரின் பெடரல் வர்த்தகக் கமிஷன் இதைத் தோண்டித் துருவியது. கமிஷன் கண்டதாகச் சொன்ன விஷயம் இதுதான். பரிசோதனைக்கு முன் கடைச் சிப்பந்தி நாலு கேள்விகள் கேட்பார். கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறதா, அடிக்கடி நின்று போகிறதா, விளம்பரம் முளைக்கிறதா, வைரஸ் எச்சரிக்கை வந்ததா என்று. ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' என்று கட்டத்தில் குறி போட்டால் போதும். உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் பரிசோதனையின் முடிவில் 'அறிகுறி உண்டு' என்றுதான் வரும். நாடி பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே மருந்துச் சீட்டு தயார்! இதன் பேரில் சிலரிடம் 300 டாலர் வரை வாங்கியிருக்கிறார்கள்.

2012-லேயே ஒரு சிப்பந்தி, வாடிக்கைக்காரர்களிடம் பொய் சொல்ல என்னால் முடியாது என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தாராம். அப்படியும் நாலு வருஷம் வியாபாரம் நடந்தது. கடைசியில் 2019 மார்ச் மாதம் ஆபீஸ் டிப்போ இரண்டரைக் கோடி டாலரும், அந்தப் புரோகிராமைக் கொடுத்த 'ஸப்போர்ட் டாட் காம்' கம்பெனி ஒரு கோடி டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன.

பெரிய பெயர்ப் பலகை போட்ட கடையிலேயே இப்படி என்றால், முகம் தெரியாத பேர்வழிகளைப் பற்றிக் கேட்க வேண்டுமா? 'வின்பிக்ஸர்' என்று ஒரு புரோகிராம் இருந்தது. அதையும் அதன் உடன்பிறப்புகளையும் விற்ற கும்பல்மீது அதே கமிஷன் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் பத்து லட்சம் பேருக்கு மேல். அந்தக் கும்பலின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். யோக்கியமான ஸ்தாபனங்களின் விளம்பரம் என்று சொல்லிப் பெரிய பெரிய இணையத் தளங்களில் இடம் பிடித்தார்கள். விளம்பரத்தைச் சோதிக்கும் காவற்காரர்கள் பார்த்தால் நல்ல முகம் தெரியும். பொதுஜனங்கள் பார்த்தால் பூச்சாண்டி முகம் தெரியும். அப்படி உள்ளுக்குள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். 2012-இல் அந்தக் கும்பலில் ஒருவர்மீது மட்டும் 16 கோடியே 30 லட்சம் டாலருக்குத் தீர்ப்பாயிற்று. அந்த ஒருவர் ஒரு பெண்மணி!

பழைய கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 'ரெஸ்டோரோ', 'ரீஇமேஜ்' என்ற புரோகிராம்களை விற்றவர்கள் 2024 மார்ச் மாதம் 2 கோடியே 60 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். மைக்ரோஸாப்ட் கம்பெனியே எச்சரிக்கிற மாதிரி திரையில் காட்டி, நன்றாக இருந்த கம்ப்யூட்டரைப் பழுது என்று சொன்னார்கள் என்பது கமிஷனின் குற்றச்சாட்டு. முதலில் முப்பது, ஐம்பது டாலர்தான் கேட்பார்கள். பணம் கட்டியதும், 'புரோகிராமை இயக்கி வைக்க இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்' என்பார்கள். போனில் பேசுகிறவர் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே தம் வசம் எடுத்துக்கொண்டு, இன்னும் பல நூறு டாலருக்கு வழி பார்ப்பார். சின்னப் பயம் பெரிய பயத்துக்கு வாசற்படி, பார்த்தீர்களா?

அடையாளம் என்ன?

நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்க என்ஜினீயர் படிப்பு வேண்டியதில்லை. கறிகாய் பொறுக்கி வாங்கத் தெரிந்த கண் இருந்தால் போதும்.

கூப்பிடாமல் வந்து நிற்பது முதல் அடையாளம். நீங்கள் பட்சணக் குறிப்பைத் தேடும்போது அது கோளாறைப் பற்றிப் பேசுகிறது.

அவசரப்படுத்துவது இரண்டாவது. 'ஐந்து நிமிஷத்தில் அழிந்துவிடும்' என்று கடிகாரம் ஓடும், மணி அடிக்கும், சில சமயம் குரல்கூடப் பேசும். உண்மையான கோளாறு எதுவும் உங்களை அரை மணி நேரம் யோசிக்க விடாமல் தடுக்காது.

திரையில் டெலிபோன் நம்பர் இருப்பது மூன்றாவது. இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். மைக்ரோஸாப்டின் நிஜமான எச்சரிக்கையில் ஒருபோதும் போன் நம்பர் இருக்காது.

கோளாறை இலவசமாகச் சொல்லி, சரி செய்ய மட்டும் காசு கேட்பது நாலாவது. 2018 மார்ச் முதல் தேதியிலிருந்து மைக்ரோஸாப்டே இம்மாதிரி மிரட்டி விற்கும் 'கிளீனர்' புரோகிராம்களை வேண்டாத சரக்கு என்று வகைப்படுத்தி, விண்டோஸில் உள்ள காவற்புரோகிராமைக் கொண்டு நீக்க ஆரம்பித்துவிட்டது.

கேட்காமல் கிடைத்த கொசுறு ஐந்தாவது. காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு கிடைக்கும், சந்தோஷம். இணையத்தில் ஏதோ இலவசப் புரோகிராமை இறக்கும்போது, 'அடுத்தது, அடுத்தது' என்று பார்க்காமல் அமுக்கிக்கொண்டே போனால், இந்தப் பேர்வழி கொசுறாக உள்ளே வந்துவிடுவான். ஏற்கனவே குறி போட்டிருக்கும் கட்டங்களைப் படித்துப் பார்த்து, வேண்டாததை எடுத்துவிடுங்கள்.

வெளியே தள்ளும் விதம்

திரை சிவப்பாகிவிட்டதா? அதற்குள் இருக்கும் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். 'மூடு' என்றும் 'வேண்டாம்' என்றும் எழுதியிருப்பதுகூட அவன் வரைந்த பொத்தான்தான். திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றால் எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் 'டாஸ்க் மானேஜர்' திறக்கும். அதில் பிரௌசரின் பெயரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாம்பலத்துச் சகோதரிக்கு நேர்ந்தது இந்த அளவுதான் என்றால், காரியம் இத்தோடு முடிந்தது.

அந்த அறிவிப்பு தினமும் திரையின் மூலையில் எட்டிப் பார்க்கிறதா? என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு தளம், 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்று கேட்டபோது, நீங்களோ உங்கள் பிள்ளையோ 'அலவ்' கொடுத்திருப்பீர்கள். பிரௌசரின் செட்டிங்ஸில் 'நோட்டிபிகேஷன்ஸ்' என்ற இடத்துக்குப் போய், தெரியாத தளங்களின் பெயரை எல்லாம் நீக்கிவிடுங்கள். கைப் போனில், 'பாட்டரியில் வைரஸ்' என்று வரும் கூத்துக்கும் பல சமயம் இதே மருந்துதான்.

புரோகிராம் உள்ளேயே குடியேறிவிட்டால் கொஞ்சம் வேலை இருக்கிறது. செட்டிங்ஸ், அதில் ஆப்ஸ், அதில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்று போங்கள். தேதி வாரியாக அடுக்கச் சொன்னால் புதிதாக வந்தவன் மேலே நிற்பான். 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். "ஐயோ, போகச் சொல்கிறீர்களா? உங்களுக்கு ஆபத்து! பாதி விலைக்குத் தருகிறேன்!" என்று போகும்போதும் ஒரு பாட்டம் அழுவான். மனம் இளகாதீர்கள். நீங்கள் இறக்கியதாக நினைவில்லாத வேறு புரோகிராம்கள் அதே தேதியில் வந்திருந்தால் அவற்றையும் பாருங்கள். பெரும்பாலும் அவன் கூட்டாளிகள்தான். போக மறுத்தால், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 'ரீஸ்டார்ட்' கொடுத்து, 'ஸேஃப் மோட்' என்ற நிலையில் கம்ப்யூட்டரைத் திறந்து அங்கிருந்து நீக்கலாம். பிரௌசரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'எக்ஸ்டென்ஷன்'களில் தெரியாததையும் எடுத்துவிடுங்கள்.

கடைசியில் வீட்டைக் கழுவி விடுவதுபோல் ஒரு முழுச் சோதனை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற காவற்காரன் கூடவே இருக்கிறான். தனியாகக் காசு கிடையாது. 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்' என்ற இடத்தில், 'ஸ்கான் ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் 'ஃபுல் ஸ்கான்' கொடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் அங்கேயே இருக்கும் 'ஆஃப்லைன் ஸ்கான்' கொடுங்கள். கம்ப்யூட்டர் தானே அணைந்து எழுந்து, சுமார் கால் மணி நேரத்தில் சோதித்துவிடும். ஒரு விஷயம்: விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. முடிந்தவர்கள் 11-க்கு மாறிவிடுவது நல்லது.

"எல்லாம் சரி, கம்ப்யூட்டர் நிஜமாகவே மந்தமாகத்தானே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இருக்கலாம். படமும் பாட்டுமாய்ச் சேர்ந்து டிஸ்கில் இடம் இல்லாமல் போயிருக்கும். திறந்த பக்கங்களை மூடாமல் முப்பது வைத்திருப்பீர்கள். கம்ப்யூட்டரைத் திறந்தவுடனே பத்துப் புரோகிராம்கள் தாமே எழுந்திருக்கும். டாஸ்க் மானேஜரில் 'ஸ்டார்ட்-அப்' என்ற பகுதியில் தேவையற்றதை நிறுத்தலாம். இவை எதற்கும் ஆப்டிமைஸர் வேண்டாம். வீட்டைப் பெருக்க மந்திரவாதி எதற்கு?

பணம் போய்விட்டதா?

போய்விட்டாலும் இடிந்து உட்காராதீர்கள். முதலில் பாங்குக்குப் போன் செய்து கார்டை நிறுத்தி, இந்தப் பணம் மோசடியாக வாங்கப்பட்டது என்று புகார் எழுதச் சொல்லுங்கள். உடனே 1930 என்ற நம்பருக்குக் கூப்பிடுங்கள். இணைய மோசடிக்கென்று இந்திய சர்க்கார் வைத்திருக்கும் நம்பர் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே தடுக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

போனில் பேசினவனிடம் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி கொடுத்திருந்தால், இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, அவன் இறக்கச் சொன்ன புரோகிராமை நீக்குங்கள். பாங்கு, ஈ-மெயில் பாஸ்வேர்டுகளை வேறு ஒரு போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ மாற்றுங்கள். நம் தேசத்திலும் இந்தத் தொழில் நடக்கிறது. மைக்ரோஸாப்ட், அமேஸான் சிப்பந்திகள்போலப் பேசி வெளிநாட்டாரை ஏமாற்றிய கால் சென்டர்கள்மீதும் வேறு சில மோசடிக்காரர்கள்மீதும் ஸி.பி.ஐ. 2023 அக்டோபரில் 76 இடங்களில் சோதனை போட்டது.

சில மாதம் கழித்து, "கம்பெனியை மூடிவிட்டோம், உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று ஒருவன் தேன் ஒழுகப் பேசினால், அவன் பழைய திருடனின் பங்காளி என்று தெரிந்துகொள்ளுங்கள். பாங்குக் கணக்கைத் திறக்கச் சொல்வான், ஓ.டி.பி. கேட்பான். வேறு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளும் பெரியவர்களும் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய விஷயம். நம் பெண்களில் எத்தனையோ பேர் பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வாயைத் திறப்பதில்லை. "உனக்கு எதற்கு இந்த வேலை?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்துதான். அந்த மௌனம் திருடனுக்குக் கொடுக்கும் அவகாசம். காலையில் போன பணத்தை இரவில் சொன்னால், 1930-இல் இருப்பவர் என்ன செய்ய முடியும்? அமெரிக்காவில் ரெஸ்டோரோ வழக்கில் 2025-இல் பணம் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 7 லட்சம் பேருக்கு மேல். படித்தவர், படிக்காதவர், ஆண், பெண் எல்லோரும் அதில் உண்டு. ஏமாந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆகையால் வீட்டில் யாராவது முகம் வெளுத்துப் போய், "கம்ப்யூட்டரில் என்னவோ வந்தது..." என்று ஆரம்பித்தால், முதலில் ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கோபத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். பாங்குக்குப் போன் செய்வதை நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது.

குடும்பப் படங்களும் முக்கியக் காகிதங்களும் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் எந்தப் பூச்சாண்டிக்கும் நாம் பயப்பட வேண்டியதுதான். இன்னோர் இடத்தில் ஒரு நகல் இருந்தால், 'எல்லாம் அழிந்துவிடும்' என்கிற மிரட்டலைக் கண்டு சிரிக்கலாம். நகல் எடுத்து வைக்கும் விதத்தை அடுத்த வாரம் சொல்கிறேன். அதற்குள் 1930 என்ற நம்பரைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.